மாடு மேய்த்த நேரம் போக மிச்சத்தில் படிப்பா? ரங்காரெட்டி மாவட்டத்தில் நடந்தது

தெலுங்கில் 'அம்மா' என்று எழுத வேண்டுமென்றால் முதலில் 'அ' போட வேண்டும், பக்கத்தில் 'ம' போட வேண்டும், அப்புறம் அந்த 'ம'வுக்குக் கீழே ஓரமாக இன்னொரு 'ம'வுக்கான குட்டி ஒட்டு வடிவத்தைப் போட வேண்டும். அந்த ஒட்டுக்கு ஒத்து என்று பெயர். நமக்கு மெய்யெழுத்து என்றால் மேலே ஒரு புள்ளி, வேலை முடிந்தது. அவர்களுக்கு ஒவ்வொரு மெய்க்கும் ஒரு ஒத்து உண்டு, பல ஒத்துகள் அந்த எழுத்தின் சாயலிலேயே இருக்காது. அக்க, அன்ன, தம்முடு, செல்லி, நான்ன என்று ஒரு பிள்ளை வீட்டில் கூப்பிடும் பல சொற்களை ஒத்து இல்லாமல் எழுத முடியாது. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை இதையெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் மெதுவாகக் கடந்துவிடும். பதினோரு வயது வரைக்கும் மாடு மேய்த்த பையன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்கு 1990களில் ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் (2014இலிருந்து தெலங்கானா) ஒரு அமைப்பு கொடுத்த பதிலைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அவர்கள் பெயர் எம்.வி. ஃபவுண்டேஷன். எழுத்தறிவு பற்றிய கதை என்று நினைத்துத்தான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எழுத்து இரண்டாம் பட்சம், முதல் சண்டை பிள்ளையின் பகல் நேரம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் என்று தெரிந்தது.

அப்போது நிலைமை

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வேலைக்குப் போகும் சிறுவர் சிறுமியர் சுமார் 1.13 கோடி. அதில் ஆந்திரத்தில் மட்டும் 16 லட்சத்துக்கு மேல், எந்த மாநிலத்தை விடவும் அதிகம். குழந்தைத் தொழிலாளர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தீப்பெட்டி, பட்டாசு, டீக்கடை. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருந்தார்கள். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களையும் வேலைகளையும்தான் தடை செய்தது, விவசாய வேலையைப் பொதுவாகத் தொடவே இல்லை. அதனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போய், இருட்டிய பின் திரும்பும் பையன் சட்டத்தின் கண்ணில் தடை செய்யப்பட்ட எந்த வேலையையும் செய்யவில்லை.

தெலங்கானாவில் இதற்கு ஜீதம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நேர் பொருள் சம்பளம்தான், நடப்பில் அது நம் பக்கத்துப் பண்ணையாள் முறை. அப்பா நிலக்காரரிடம் முன்பணம் வாங்குவார், அதற்குப் பையன் வருஷக் கணக்கில் உழைப்பான், வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த சாந்தா சின்ஹா 1980களில் கொத்தடிமைகளைத் திரட்டும் வேலையில் இறங்கியபோது, மீட்கப் போன கொத்தடிமைகளில் கணிசமானவர்கள் குழந்தைகள் என்று பார்த்தார். பெரியவர்களை விடுவித்தால் அந்த இடத்தில் பிள்ளை போய் நிற்கும். 1991 வாக்கில் தன் தாத்தா மாமிடிப்பூடி வெங்கடரங்கய்யாவின் பெயரில் 1981இலிருந்தே ஆராய்ச்சி அறக்கட்டளையாக இருந்த ஃபவுண்டேஷனை இந்தப் பக்கம் திருப்பினார்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. தம்பி தங்கையைத் தூக்குவது, தண்ணீர், விறகு, களை எடுப்பது. அம்மா கூலிக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் ஒன்பது வயது மகள் இருந்தாக வேண்டும். இதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால் இதை வேலை என்று எந்தக் கணக்கும் ஒழுங்காக எண்ணியதும் இல்லை.

அரசாங்கம் கொடுத்த பதில்

அரசு சும்மா இருக்கவில்லை. 1979-80இல் முறைசாராக் கல்வித் திட்டம் வந்தது, கல்வியில் பின்தங்கிய ஒன்பது மாநிலங்களுக்கு, அதில் ஆந்திரமும் ஒன்று. யோசனை கேட்க நியாயமாகவே இருக்கும்: பிள்ளை பகலில் வேலைக்குப் போகிறது, குடும்பத்துக்கு அந்த வருமானம் வேண்டும், சரி, அதற்கு வசதியான நேரத்தில் இரண்டு மணி நேரம் பாடம் நடத்துவோம். ஊருக்குள் ஒருவருக்குச் சின்னத் தொகை கொடுத்து ஆசிரியராக வைத்தார்கள். அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, பாய்.

நல்ல மனசோடு செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற உடம்பு ராத்திரி எட்டு மணிக்குப் பாயில் உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்யும். பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். அதை விடப் பெரிய சிக்கல், இந்த ஏற்பாடு பண்ணைக்காரருக்கு ரொம்ப வசதி. "ராத்திரி படிக்கத்தானே போகிறான், அப்புறம் என்ன?" என்று அவர் கேட்கலாம். பிள்ளையின் பகலை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் படிப்புக்கு ஒதுக்கிய திட்டம் அது, அரசாங்கமே முத்திரை குத்தி ஒதுக்கியது.

எம்.வி. ஃபவுண்டேஷன் இங்கேதான் முரண்டு பிடித்தது. விட்டுக்கொடுக்க முடியாதவை என்று சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டார்கள். எல்லாக் குழந்தைகளும் முழுநேரப் பகல் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பள்ளியில் இல்லாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான். எந்த வேலையும் குழந்தையின் வளர்ச்சிக்குக் கேடுதான், அபாயமானது அபாயமில்லாதது என்ற பிரிவினை கிடையாது. குழந்தை உழைப்பை நியாயப்படுத்தும் எந்த வாதத்தையும் ஏற்பதில்லை.

முதலில் படித்தபோது இது எனக்கு வறட்டுப் பிடிவாதமாகப் பட்டது. வீட்டில் அடுப்பு எரியாதவனிடம் போய் இப்படிப் பேசினால் எப்படி? ஆனால் இரண்டாவது விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "பள்ளியில் இல்லாத பிள்ளை எல்லாம் தொழிலாளி" என்று சொன்ன உடனே, தம்பியைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்பது வயதுப் பெண் கணக்குக்குள் வந்துவிடுகிறாள். வேறெந்த வரையறையிலும் அவள் வரவில்லை. தவிர, கிராமத்தில் வேலை செய்கிற தன்னார்வலருக்கு இது ரொம்ப எளிமையான அளவுகோல். யார் எவ்வளவு நேரம் எந்த வகை வேலை செய்கிறார்கள் என்று படிவம் நிரப்ப வேண்டாம், பள்ளி நேரத்தில் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முகாமில் என்ன நடந்தது

சரி, பதினோரு வயதுப் பையனை மாட்டுக் கொட்டகையிலிருந்து கூட்டி வந்தாயிற்று. அவனை ஒன்றாம் வகுப்பில், இடுப்பு உயரத்துக்கு இருக்கும் குழந்தைகளோடு உட்காரவைத்தால் மூன்றாம் நாள் ஓடிவிடுவான். அவன் வயதுக்கு ஆறாம் வகுப்பில் உட்காரவைத்தால் கரும்பலகையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இந்த இடைவெளியைத் தாண்டத்தான் இணைப்பு முகாம், அங்கேயே தங்கிப் படிக்கும் இடம். சில மாதங்களிலிருந்து ஒன்றரை, இரண்டு வருஷம் வரை, பிள்ளையின் வயதையும் வேகத்தையும் பொறுத்து.

முதல் சில வாரம் பாடம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பாட்டு, விளையாட்டு, கதை, நடை. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வேலை செய்து பழகிய பிள்ளைக்கு உட்காருவதே கஷ்டம். அதிகாலையில் தானாக முழிப்பு வந்துவிடும், எதையாவது கையில் எடுத்துச் செய்யாவிட்டால் திட்டு விழும் என்ற பயம் உடம்பில் இருக்கும். அரிவாள் பிடித்துக் காய்த்த விரல் பென்சிலை முஷ்டி போட்டுப் பிடிக்கும், காகிதம் கிழியும். தன்னைச் சுற்றித் தன்னை மாதிரியே இருபது பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் 'க' தெரியாது, அதனால் வெட்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத விஷயம் இதுதான்.

எழுத்து சொல்லிக்கொடுப்பதில் சின்னக் குழந்தைக்கான பாதையை அப்படியே பின்பற்ற முடியாது, பின்பற்றவும் வேண்டாம். இந்தப் பையனுக்கு எழுத்து தெரியாதே தவிர மொழி நன்றாகத் தெரியும். சந்தையில் பேரம் பேசத் தெரியும், மாட்டுக்கு வரும் நோயெல்லாம் பெயரோடு தெரியும், எத்தனை நாள் கூலி பாக்கி என்று விரல் விட்டுச் சொல்வான். அவனிடம் போய் ஒரு மாத காலம் 'அ ஆ இ ஈ' எழுதச் சொன்னால் அது அவமானம். தன் பெயர், தன் ஊர், பேருந்துப் பலகை, செய்தித்தாளின் பெரிய எழுத்துத் தலைப்பு என்று பொருள் உள்ள சொற்களில் தொடங்கினால் வேகம் பிடிக்கும். அந்த வழியில் ஒத்து முதல் வாரமே வந்து நிற்கும், வேறு வழியில்லை, ஆனால் 'அம்மா' என்று எழுதுவதற்காகக் கற்றுக்கொண்ட ஒத்து மறக்காது. கணக்கு இன்னும் சுலபம், மனக்கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காகிதத்தில் எப்படிப் போடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

அப்போது ஆந்திரத்தில் ஏழாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்தது. வயதில் பெரிய பிள்ளைகளை அதற்குத் தயார் செய்து நேராக எட்டாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஊருக்கு இது ஒரு காட்சி. போன வருஷம் மாடு மேய்த்தவன் ஏழாவது தேறிவிட்டான் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனைத் திரும்பிப் பார்ப்பார், ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாததை அது செய்யும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் ஓடியது என்று சொல்ல முடியாது. ரங்காரெட்டியின் தாண்டாக்களில் (லம்பாடா பழங்குடியினரின் குடியிருப்புகள்) லம்பாடா குடும்பங்கள் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி லம்பாடி, தெலுங்கு சந்தை மொழி. நான் மேலே சொன்ன "மொழி தெரியும், எழுத்துதான் தெரியாது" என்ற வசதி அவர்களுக்குப் பாதிதான் உண்டு.

பள்ளிக்கூட வாசல்

முகாமை விடக் கடினமான இடம் அரசுப் பள்ளியின் வாசல். பிறப்புச் சான்றிதழ் எங்கே? மாற்றுச் சான்றிதழ் எங்கே? செப்டம்பரில் வந்து சேர்த்துக்கொள் என்றால் எப்படி? முதலாளியிடமிருந்து பிள்ளையை மீட்டுவந்த தன்னார்வலர் தலைமை ஆசிரியரிடம் தோற்றுப்போவார். வறுமையால் பிள்ளை படிக்கவில்லை என்று நாம் எழுதும் இடங்களில் நிறைய இந்த மாதிரிக் காகிதங்கள்தான் ஒளிந்திருக்கின்றன.

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தை இந்த அனுபவத்தோடு வைத்துப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது (பிரிவு 14). சேர்க்கை காலம் முடிந்து வந்தாலும் மறுக்கக் கூடாது (பிரிவு 15). மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது (பிரிவு 5). பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும், பதினான்கு வயது தாண்டினாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை படிக்கலாம் (பிரிவு 4). ஒவ்வொன்றும் அந்த வாசலில் நடந்த ஒரு சண்டைக்குப் பதில் மாதிரி இருக்கிறது. இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு வந்தது, அதன் முதல் தலைவராக 2007 முதல் 2013 வரை இருந்தவர் சாந்தா சின்ஹாதான். இடையில் 2003இல் மகசேசே விருதும் வாங்கியிருந்தார்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களை எதிரியாக வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. பால கார்மிக விமோசன வேதிகா என்று ஆசிரியர்களே குழந்தை உழைப்புக்கு எதிராக ஒரு மன்றம் அமைத்தார்கள். ஓராசிரியர் பள்ளியில் திடீரென்று நாற்பது பிள்ளைகள் கூடினால் அந்த ஒருவர் என்ன செய்வார்? ஊர் மக்கள் கொஞ்சம் போட்டு, அமைப்பு கொஞ்சம் போட்டு, கூடுதலாக உள்ளூர் இளைஞர்களைத் துணை ஆசிரியராக வைத்தார்கள்.

காசு யார் கொடுத்தது?

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் கேட்பது இதுதான்: பிள்ளை வேலையை விட்டால் குடும்பத்துக்கு அந்த வருமானத்தை யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. பெற்றோருக்கு ஈட்டுத்தொகை கிடையாது என்பது அமைப்பின் கொள்கை. மத்திய அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் (1988இல் தொடங்கியது) பிள்ளைக்கு மாத உதவித்தொகை கொடுத்தது, 100 ரூபாயில் தொடங்கிக் கடைசியில் 400 ரூபாய் வரை வந்தது. இவர்கள் அதையும் செய்யவில்லை.

அவர்கள் வாதம் இப்படிப் போகும். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே அளவு நிலமில்லாத இரண்டு குடும்பம். ஒன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது, இன்னொன்று அனுப்பவில்லை. வறுமை மட்டும்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நம் மாதிரிப் பிள்ளைகள் படித்து என்ன ஆகப்போகிறது என்ற ஊர் நினைப்பு ஒரு காரணம், அந்த நினைப்பை மாற்றினால் குடும்பம் தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும். நிறைய இடங்களில் அப்படித்தான் நடந்தது, மாட்டை அப்பா ஓட்டிப் போனார், அல்லது நிலக்காரர் பெரிய ஆளைக் கூலிக்கு வைத்தார். பிள்ளையை விடுவித்த நிலக்காரருக்கு ஊர்க் கூட்டத்தில் மாலை போட்டதும் உண்டு. சட்டத்தை மீறியவருக்கு மாலையா என்று எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அடுத்த நாளும் அதே ஊரில்தான் அந்தக் குடும்பம் அவரிடம் கூலிக்குப் போக வேண்டும்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சை அடிப்படைக் கல்வி பற்றி 1999இல் வந்த பிரோப் (PROBE) அறிக்கையும் வட மாநிலங்களில் கள ஆய்வு செய்து கட்டுக்கதை என்றுதான் சொன்னது. அதனால் இந்த வாதத்தில் பெரும்பகுதி எனக்கு ஏற்புதான். முழுக்க ஏற்பு இல்லை. விதவைத் தாய், நோயாளி அப்பா, மூத்த மகள் கூலி மட்டுமே வருமானம் என்ற வீட்டில் "ஊர் நினைப்பு" என்று பேசுவது எடுபடாது. அந்த மாதிரி வீடுகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம், ஆனால் கடைசி வரை முகாமுக்கு வராமல் நின்றது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும்.

கர்னூல், மகபூப்நகர் பக்கத்துப் பருத்தி விதை வயல்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். வீரிய ஒட்டு விதைக்கு ஒவ்வொரு பூவையும் கையால் தொட வேண்டும். சாயங்காலம் மொட்டைப் பிரித்து மகரந்தப் பையைக் கிள்ளி எடுப்பது, மறுநாள் காலையில் வேறு செடியின் மகரந்தத்தை அதில் தடவுவது. பூக்கும் காலம் முழுக்க இதே வேலை, காலையிலும் மாலையிலும், பெரும்பாலும் சிறுமிகள். சின்ன விரல், செடி உயரத்துக்குச் சரியான ஆள் என்று காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் பெரியவர்களை விடக் குறைந்த கூலி, முன்பணம் வாங்கிய பெற்றோர், எதிர்த்துப் பேசாத பிள்ளை. இங்கே முதலாளி கிராமத்துப் பண்ணைக்காரர் மட்டும் இல்லை, அவருக்கு மேலே விதை வாங்கும் கம்பெனி இருக்கிறது, அது கொடுக்கும் கொள்முதல் விலை பெரியவர் கூலிக்குக் கட்டுப்படியாகாது என்று விவசாயி சொல்வார். ஊர்க் கூட்டத்தில் மாலை போட்டு இதைத் தீர்க்க முடியாது.

சேர்ந்த பிறகு

முகாமிலிருந்து பள்ளிக்கு அனுப்பிவைத்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் என்று அமைப்பு சொல்கிறது. அப்புறம் என்ன ஆனது? முகாமில் இருபது பேருக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா, பாட்டு, கதை. பள்ளியில் அறுபது பேருக்கு ஒருவர், திட்டு, சில இடத்தில் பிரம்பு. பள்ளிக்குள் இருப்பதும் படிக்கத் தெரிவதும் ஒன்று இல்லை என்பதைக் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் (ASER) ஆய்வு தொடர்ந்து காட்டுகிறது: 2018இல் கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள், கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 43 சதவீதத்துக்கு இறங்கியது. முழுநேரப் பள்ளி என்ற சண்டையை அவர்கள் ஜெயித்தார்கள் என்றே நினைக்கிறேன். அந்த முழு நேரத்தில் பள்ளி என்ன செய்கிறது என்ற அடுத்த சண்டை முகாம் நடத்துபவர்கள் கையில் இல்லை.

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் கூடாது என்று வந்தது, இருபது வருஷமாகக் கேட்டதுதான். கூடவே பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு. மிச்ச நேரக் கணக்கு தலைகீழாகத் திரும்பி வந்திருக்கிறது, இப்போது பள்ளி முதலில், வேலை மிச்சத்தில். பருத்தி வயல் சொந்த வயல் என்றால், காலையில் மகரந்தம் தடவிவிட்டு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வரும் சிறுமி சட்டப்படி சரி.

ரங்காரெட்டிப் பாடம் அப்படியே பொருந்தாத இடம் ஒன்று அந்த மாநிலத்திலேயே இருக்கிறது. ஐதராபாத்தைச் சுற்றியும் பெத்தபள்ளி பக்கமும் உள்ள செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், ஊரிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு. மழை முடிந்து நவம்பர், டிசம்பரில் வருவார்கள், அடுத்த மழைக்கு முன் திரும்புவார்கள். பிள்ளைகள் பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவார்கள், காய்ந்ததை அடுக்குவார்கள். ஜனவரியில் போலீஸ் மீட்பு நடவடிக்கை நடக்கும், ஆனால் இங்கே ஊர் நினைப்பை மாற்ற ஊர் என்று ஒன்று இல்லை, சூளைதான் இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், பாடம் தெலுங்கில் நடக்கும். ஒடியா எழுத்தின் வளைவு வேறு, தெலுங்கு எழுத்தின் வளைவு வேறு, அந்த ஒத்துகள் எதுவும் அங்கே உதவாது. ஒடியா தெரிந்த ஆளை வைத்துச் சூளை ஓரத்திலேயே வகுப்பு நடத்திய இடங்கள் உண்டு, சூளைக்காரர் கொட்டகை கொடுத்தால். மே கடைசியில் கணக்கு முடித்து ரயில் ஏறும்போது பிள்ளை ஐந்து மாதம் படித்திருக்கும். சொந்த ஊர்ப் பள்ளியில் அது நவம்பரிலிருந்தே வரவில்லை.